'எஸ்' என்றால் எப்போதும் சம்மதமா?

வெளிநாட்டு வேலைக்கு நேர்காணல் போகும் பிள்ளைகளுக்குக் குன்னத்தில் நாங்கள் பயிற்சி கொடுக்கும்போது ஒன்றைக் கவனித்தோம். தெரியாத ஆங்கிலத்தைவிட, தெரிந்த 'எஸ்', 'நோ' இரண்டும்தான் அவர்களைக் கவிழ்க்கின்றன.

ஒரு தம்பியிடம், 'டூ யூ மைண்ட் ஒர்க்கிங் நைட் ஷிப்ட்?' என்று கேட்டோம். உற்சாகமாக 'எஸ் சார்' என்றார். 'மைண்ட்' என்றால் மனம் என்றே படித்திருக்கிறோம். இங்கே பொருள் வேறு: 'இரவு வேலை பார்க்க ஆட்சேபம் உண்டா?' உண்டு என்று சொல்லிவிட்டார் தம்பி! எந்த வேலைக்கும் தயாராக வந்தவர் அவர். 'நோ சார், நாட் அட் ஆல்' என்றிருக்க வேண்டும்.

அடுத்தது இதைவிடச் சிக்கல். 'டோன்ட் யூ ஹாவ் எ லைசென்ஸ்?' லைசென்ஸ் இல்லாதவர் தமிழில் 'ஆமாம், இல்லை' என்பார். அதே பழக்கத்தில் 'எஸ்' என்றால், ஆங்கிலத்தில் 'இருக்கிறது' என்றாகிவிடும். நாளை காகிதத்தைக் கேட்கும்போது பொய் சொன்னவர் ஆகிவிடுவார். கேள்வி எப்படி வந்தாலும், இருந்தால் 'எஸ், ஐ டூ'; இல்லாவிட்டால் 'நோ, ஐ டோன்ட்'. மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். 'இல்லையா?' என்ற கேள்விக்கு 'ஏன் இல்லை, உண்டு' என்று சொல்ல அரபியில் 'பலா' என்று தனிச்சொல் உண்டு. 'நஅம்' என்றால் 'ஆமாம், இல்லை' என்று பொருள் மாறிவிடும். ஆங்கிலத்து 'எஸ்' அந்த இடத்தில் 'பலா'வின் வேலையைச் செய்கிறது.

'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று யாராவது தொடங்கினால் அவர் பயப்படவில்லை. 'வருந்துகிறோம், முடியாது' என்று சொல்லப்போகிறார்.

இனி எழுத்து. பயோடேட்டாவில் திருமண நிலையைக் குறிக்கும் 'மேரிட்டல்' என்ற சொல்லில் 'ஆர்' எழுத்துக்குப் பின் 'ஐ', பிறகு 'டி'. இரண்டும் இடம் மாறினால் 'மார்ஷியல்', அதாவது போர் தொடர்பானது. அதுவும் சரியான சொல்தான் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. 'தொலைத்துவிடு' என்னும் 'லூஸ்' சொல்லுக்கு ஒரு 'ஓ'; தளர்வான 'லூஸ்' சொல்லுக்கு இரண்டு. பாஸ்போர்ட் தொலைந்ததாகப் புகார் எழுதும்போது இரண்டுமே வேண்டாம், 'லாஸ்ட்' என்று எழுத வேண்டும். எழுதுபொருள் விற்கும் 'ஸ்டேஷனரி' கடைக்கு 'ஆர்' எழுத்துக்கு முன் 'ஈ'. 'ஏ' போட்டால் அசையாமல் நிற்பது என்று பொருள். கடைப்பலகைகளைப் பாருங்கள், பாதி கடைகள் அசையாமல்தான் நிற்கின்றன.

பயோடேட்டாவை அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வாருங்கள். அஸருக்குப் பின் அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.