களியும் சோறும்: ஓசூர்ப் பகுதியின் உணவு மாற்றமும் இதய நோயும்

ஓசூருக்குத் தெற்கே தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரே உணவுக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தமிழர் அதனைக் களி என்பர். கன்னடம் பேசுவோர் முத்தெ என்பர். தெலுங்கு பேசுவோர் சங்கடி என்பர். பெயர் மூன்றாயினும் உருண்டை ஒன்றே. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் இட்டுக் கிளறி, உருட்டி, கொள்ளுச் சாற்றிலோ கீரைக் குழம்பிலோ தோய்த்து விழுங்கிய மக்கள் வாழ்ந்த நிலம் இது. ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாத வீட்டிலும் அடுப்பின் மேலிருந்த பானை ஒன்றாகவே இருந்தது.

புன்செய் உணவின் பெருமையைத் தமிழிலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே பதிவு செய்துள்ளது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் ஒரு சீறூரைக் காட்டுமிடத்து வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கினையே அவ்வூரார்க்குரிய உணவாகக் கூறுகின்றார். கேழ்வரகு அந்நான்கில் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் தோன்றித் தொல்பழங்காலத்தில் தென்னாடு வந்து சேர்ந்த தானியம் அது. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கனகதாசர் நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் வழக்கு மூட்டி, ‘ராமதான்ய சரிதெ’ என ஒரு காவியமே பாடினார். இரண்டையும் ஆறு திங்கள் சிறையிலிட, நெல் கெட்டுப் போகிறது. கேழ்வரகு கெடாமல் நிற்கிறது. இராமன் தீர்ப்பு கேழ்வரகின் பக்கம். எளியோர் உணவை உயர்த்திப் பாட ஒரு கவிஞர் துணிந்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அவ்வழக்கு இன்று மருத்துவரின் மேசைக்கு வந்திருக்கிறது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆலைகள் வந்த பின்

1970களில் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் எனப் பெரிய ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. மானாவாரி நிலத்தில் ஏர் பிடித்தவன் மகன் மூன்று ஷிப்டுகளில் வேலை பார்க்கும் தொழிலாளியானான். வருவாய் உயர்ந்தது, பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதித்தனர். இந்நன்மைகளை மறுப்பார் யாருமிலர். ஆயினும் உடலுழைப்புக் குறைந்தது, உணவும் மாறியது. களி கிழவர் உணவாயிற்று. நெல்லரிசிச் சோறு அந்தஸ்தின் அடையாளமாக முன்னமே இருந்தது. 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைத்தபோது அது மூன்று வேளைக்கும் உரியதாயிற்று. பசியை ஒழித்த அத்திட்டத்தை நான் குறை கூறவில்லை. பசி ஒழிந்த பின் தட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதே என் வினா.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஆலைத் தொழிலாளி, வயது ஐம்பத்தொன்று. இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் மார்பை அழுத்துகிறது என்றார். வீட்டார் வாயுத் தொல்லை என்று கருதிச் சோடா வாங்கிக் கொடுத்தனர். இரண்டு மணி நேரம் அவ்வாறே கழிந்தது. அன்று அவர் மகள் எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஆண்டுக்கு அவள் வரவில்லை.

ஐம்பத்தொன்று என்பது விதிவிலக்கான வயதன்று. கேரளத்தில் பிறந்து, நம் எல்லைக்கு அப்பாலுள்ள பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்ற சலீம் யூசுப் என்னும் அறிஞரின் தலைமையில் 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரைக் கொண்டு ‘இன்டர்ஹார்ட்’ என்னும் ஆய்வு நிகழ்ந்தது. முடிவுகள் 2004இல் வெளிவந்தன. அதன் தொடர்ச்சியாக 2007இல் வெளிவந்த கட்டுரை, தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு நேரும் நடு வயது 53 என்றும், ஏனைய நாட்டினர்க்கு அது ஏறத்தாழ 59 என்றும் காட்டியது. ஆறாண்டு இடைவெளி! பிள்ளைகள் படித்து முடிக்கும் ஆறாண்டு அது. புகைத்தல், மிகை இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மது ஆகிய ஒன்பதே உலகின் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் கூறப் போதுமானவை என்பது அவ்வாய்வின் பெரு முடிவு. ஒன்பதில் சரிபாதிக்கு மேல் அடுப்படியோடு தொடர்புடையவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழாய் அடைபடும் விதம்

இதயத்திற்கு இரத்தம் தரும் தமனிகளின் உட்சுவர் மெல்லிய தோலால் ஆனது. எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்கள் இரத்தத்தில் மிகும்போது அத்தோலைக் கடந்து சுவருக்குள் தங்குகின்றன. அங்கே அழற்சி தோன்றிக் கொழுப்புத் திட்டு வளர்கிறது. இது ஒரு நாளில் நிகழ்வதன்று. இருபது முப்பது ஆண்டு வேலை. ஒரு நாள் அத்திட்டு வெடிக்க, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை முற்றும் அடைக்கிறது. அதுவே மாரடைப்பு. உயர்ந்த இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகையும் அவ்வுட்தோலைப் புண்படுத்தி வழி திறந்துவிடுகின்றன.

நெய்யும் இறைச்சியும் உண்பவர்க்கே இந்நோய் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. பாதியளவே அது உண்மை. நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல். அளவை உயர்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் மக்களின் இரத்தத்தில் மிகுதியும் காணப்படும் குறை வேறு வகையானது: டிரைகிளிசரைடு மிகுந்து, நன்மை பயக்கும் எச்.டி.எல். குறைந்து, இடுப்பு மட்டும் பருத்திருக்கும். தீட்டிய அரிசியும் சர்க்கரையும் தேவைக்கு மேல் உட்சென்றால் ஈரல் அதனைக் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. ‘எண்ணெயே தொடுவதில்லை, ஆனாலும் கொழுப்பு’ என்று வியப்பவர் வீட்டுச் சோற்றுத் தட்டைப் பார்த்தால் விடை கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது எனக் காட்டியுள்ளது.

இனி வழக்குக்கு வருவோம். தேசிய உணவூட்ட நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் 11 கிராம். சுண்ணாம்புச் சத்து அரிசியில் 8 மில்லிகிராமுக்கும் குறைவு, கேழ்வரகில் 364. நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பற்றி வெளியேற்றுகிறது; ஈடு செய்ய ஈரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. கனகதாசர் தீர்ப்பு இவ்வளவில் சரியே.

ஆயினும் கேழ்வரகை மாமருந்தாக்கிப் பேசுவோர் கூற்றை நான் ஏற்பதற்கில்லை. நைய அரைத்துச் சலித்த மாவில் காய்ச்சிய கஞ்சி இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தும். அதில் வெல்லமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டியதில்லை. இன்று கடைகளில் ‘ராகி’ என்னும் பெயர் தாங்கி விற்கும் பிஸ்கட்டுகளில் மைதாவும் சர்க்கரையும் எவ்வளவு என்பதை உறையைத் திருப்பிப் படித்தறிக. பழையவர் உண்ட களியின் வலிமை தானியத்தில் மட்டும் இல்லை. உடன் வந்த கொள்ளிலும் அவரையிலும் கீரையிலும் இருந்தது. கொள்ளில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம். நம் மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 1, பையூர் 2 எனக் கொள்ளில் இரகங்களையே உருவாக்கித் தந்துள்ளது. தெலுங்கர் அதனை உலவசாறு எனக் காய்ச்சிச் சுவைப்பர். நாமோ குதிரைக்கு உரியதென்று ஒதுக்கிவிட்டோம்.

உப்பு

இதனை நான் தனித்து வலியுறுத்த விரும்புகிறேன். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக நல நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவு. இந்தியர் சராசரியாக 8 கிராம் உண்பதாகத் தேசிய ஆய்வு கூறுகிறது. மேலை நாட்டார்க்கு உப்பு பெரும்பாலும் ஆலையில் செய்த உணவில் மறைந்து வருகிறது; நமக்கோ நம் கையாலேயே வருகிறது. குழம்பில் ஒரு கை, சோறு வடிக்கையில் ஒரு கை, பின்னர் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய். மாம்பழத்திற்குப் பெயர் பெற்ற கிருஷ்ணகிரியில் மாங்காய் ஊறுகாய் இல்லாத வீடு ஏது? களியோடு உண்ணும் கன்னட நாட்டுச் சாறு ஒன்றுக்குப் பெயரே ‘உப்புசாறு’! வயலில் வியர்வை சிந்தியவர்க்கு அவ்வளவு உப்பும் பொருந்தியிருக்கலாம். குளிரூட்டிய கூடத்தில் எந்திரத்தின் முன் நிற்பவர்க்கு அது பொருந்துமா?

மிகை உப்பு உடலில் நீரைத் தேக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. 2021இல் சீனத்தின் 600 சிற்றூர்களில் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. சோடியம் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றித் தந்ததனாலேயே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரக நோயுள்ளோரும் சிலவகை அழுத்த மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் அவ்வுப்பைத் தொடலாகாது. மற்றையோர்க்கோ உப்பைக் குறைப்பதே செலவில்லாத வழி. சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்குப் பழகிவிடும்.

எண்ணெயும் இரவு ஷிப்டும்

வனஸ்பதி வகைக் கொழுப்புகளிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொழுப்பைக் கூட்டி நல்ல கொழுப்பைக் குறைக்கும் இரட்டைத் தீங்குடையது. எண்ணெய், கொழுப்புகளில் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென 2022 ஜனவரி முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துள்ளது. ஆனால் மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயைச் சட்டம் எவ்வளவு தூரம் துரத்த முடியும்? பேருந்து நிலையத்து வடைச் சட்டியின் நிறத்தைப் பார்ப்பவர்க்கு விளக்கம் வேண்டா. நோன்புத் திங்களில் நாம் பருகும் கஞ்சி அரிசியும் பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நல்லுணவே. பக்கத்தில் வைக்கும் சமோசாவும் வடையுமே அந்நன்மையைக் கெடுக்கின்றன. வீட்டில் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அளவாகப் பயன்படுத்துவோர் அஞ்ச வேண்டியதில்லை. ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பாகிய பாமாயிலையே எப்போதும் நம்பியிருப்பதுதான் நல்லதன்று.

இரவுப் பணியும் ஒரு கேடு. இருபது இலட்சம் பேருக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த கட்டுரை, ஷிப்டு வேலை செய்வோர்க்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 23 விழுக்காடு மிகுதி எனக் கண்டது. உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. நள்ளிரவில் உண்ட சோற்றை அது பகல் சோறு போல் ஏற்பதில்லை. உண்டது அறுவதறிந்து உண்ணுமாறு மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் கூறியதை இரவுப் பணியாளர் தமக்கே கூறியதாகக் கொள்ளலாம். பணிக்குச் செல்லுமுன் முழு உணவும், நடு இரவில் சுண்டல், வேர்க்கடலை, மோர் போன்ற சிற்றுணவும் கொள்வது தக்கது. பஜ்ஜியும் நான்கு தேநீரும் தக்கனவல்ல.

இதில் தனி மனிதர் மட்டும் செய்யத்தக்கது சிறிது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் பணியாற்றும் ஆலையில் உணவகம் அமைக்கவும், அதன் நிருவாகக் குழுவில் தொழிலாளர் இடம்பெறவும் வகை செய்தது. 2020இல் இயற்றப்பட்ட சட்டத் தொகுப்பு உணவகத்துக்குரிய எண்ணிக்கையை 100 ஆக்கியது. இத்தகைய குழுக்களில் சோற்றின் அளவும் இனிப்பும் பேசப்படுவதைக் கேட்டிருக்கிறேன். உப்பைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. வாரத்தில் இரு நாள் களியும் கொள்ளும், நாள்தோறும் ஒரு கீரை, மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை அகற்றல் — இவற்றை அங்கே கேட்டுப் பெறலாம்.

அரசின் பங்கும் நம் மாவட்டத்திலேயே தொடங்கியது என்பது மகிழ்ச்சி தருவது. வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை மாரடைப்பின் முதல் வேளை மருந்தாகத் தரப்பட்டு, நோயாளி பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். மார்பில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லா வியர்வை ஆகியவை தோன்றினால் சோடாப் புட்டியைத் தேடாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

அப்பெண்ணை அண்மையில் கண்டேன். தந்தை பணியாற்றிய பேட்டையிலேயே வேறோர் ஆலையில் வேலை செய்கிறாள். தொலைவழிக் கல்வியில் பட்டம் முடித்துவிட்டாளாம். தாய்க்கும் இரத்த அழுத்தம் இருப்பதைச் செவிலியர் வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தாராம். இரவில் களிதான், ஊறுகாய்ச் சாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம் என்று சொல்லிச் சிரித்தாள்.