நிலாவரையும் மாணாக்கர் உள்ளமும்

புத்தூரை அடுத்த நவக்கிரியிலே நிலாவரை என்னும் வற்றாக் கிணறு உளது. இராமபிரான் தன் சேனையின் தாகந் தீர்த்தற்பொருட்டு அம்பினால் நிலத்தைப் பிளந்து எடுத்த நீர் அஃது என்று ஐதிகங் கூறும். சுண்ணக்கற் பாறை கரைந்து உண்டான குகையின் மேற்றளம் இடிந்து வீழ்ந்தமையாற் தோன்றியது என்று நிலவியலார் கூறுவர். எங்ஙனமாயினும் அக்கிணறு நமக்கு ஓருண்மையைக் கற்பிக்கின்றது. அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. குடாநாட்டின் நிலத்தடி நீர் பெரும்பாலும் இத்தகையதே. மழையினால் ஊறிய நன்னீர், தன்னிலும் கனத்த உவர்நீரின்மீது ஒரு வில்லைபோல மிதக்கின்றது. அளவறிந்து இறைத்து, ஊறுதற்குப் பொழுது கொடுப்பின் நன்னீர் நிலைக்கும். ஓயாது இறைப்பின், மேலே நன்னீர் ஓரடி தாழக் கீழே உவர்நீர் ஏறத்தாழ 40 அடி எழும் என்பது நீரியலார் கணக்கு.

மாணாக்கர் உள்ளமும் அத்தகையதே. பரீட்சைக் காலத்தில் அவ்வுள்ளத்தை எவ்வாறு இறைத்தல் வேண்டும், எவ்வாறு ஊறவிடுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

நெருக்கீடு யாது?

ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ எனப்படுவதை ஈழத்து உளவியலார் ‘நெருக்கீடு’ என வழங்குவர். நம் முன்னோர் இதனோடொத்த நிலையை ‘இடுக்கண்’ என்றனர். துன்பம் வந்தவிடத்துக் கண் இடுங்குதலின் அப்பெயர் பெற்றது என்ப. திருவள்ளுவர் தம் நூலின் 63ஆம் அதிகாரத்துக்கு ‘இடுக்கணழியாமை’ என்று பெயரிட்டார். ‘இடுக்கணின்மை’ என்று பெயரிட்டாரல்லர். இடுக்கண் வருதல் இயல்பு. அதனால் அழியாமையே கற்கத்தக்கது என்பது அப்பெயரானே விளங்கும்.

அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வால்ட்டர் கனன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, அச்சங் கொண்ட உடம்பில் நிகழ்வனவற்றை விளக்கினார். நெஞ்சு விரைந்து துடிக்கும், தசைகள் இறுகும், சமிபாடு தளரும். எதிர்த்துப் பொருதற்கோ விலகி ஓடுதற்கோ உடம்பு தன்னை ஆயத்தஞ் செய்கின்றது. புலியைக் கண்டவனுக்கு இஃது உதவும். வினாத்தாளைக் கண்டவனோ பொருதவும் இயலாது, ஓடவும் இயலாது. ஆயினும் அவன் உடம்பு அவ்வாறே இயங்குகின்றது. பரீட்சை மண்டபத்திலே கை வியர்த்தலும் வயிறு கலங்குதலும் கோழைத்தனத்தின் அடையாளமல்ல, உடம்பின் இயற்கையேயாம்.

கனடாவின் மொன்றியல் நகரிலே ஆராய்ச்சி செய்த ஹான்ஸ் செலியே 1936ஆம் ஆண்டில் இதனை மேலும் விரித்தார். உடம்பு முதலில் எச்சரிக்கை கொள்ளும். பின்னர் எதிர்த்து நிற்கும். நெருக்கீடு நீங்காவிடின் ஈற்றிலே சோர்ந்து வீழும். எனவே கேடு தருவது நெருக்கீடு மட்டுமன்று. இடையறாத நெருக்கீடேயாம் என்று துணியலாம்.

சிறிதளவு நெருக்கீடு நன்மையும் செய்யும். 1908ஆம் ஆண்டில் யேர்க்கிஸ், டொட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு செய்த சோதனையிலே, எளிய பாடத்தைக் கடுந்தூண்டலிலும் அவை கற்றன. அரிய பாடத்தையோ மிதமான தூண்டலிலேயே நன்கு கற்றன. பெருக்கல் வாய்பாட்டை அச்சத்தோடும் ஒப்புவிக்கும் மாணவன், அரிய கணிதத்தை அச்சத்தின்கண் செய்யமாட்டாது மயங்குதற்குக் காரணம் இதனால் ஊகிக்கலாம்.

போத்தல் விளக்கும் மின்விளக்கும்

பழைய மாணவர் கூடுமிடங்களில் ஒரு கூற்று அடிக்கடி கேட்கின்றது: “நாங்கள் போத்தல் விளக்கிலே படித்தோம், உங்களுக்கு என்ன குறை?” அக்கூற்றிலுள்ள பெருமிதம் நியாயமானதே. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாடு மின்சாரமிழந்து, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடுற்றகாலை, ஜாம் போத்தலிலே சிறிதளவு எண்ணெய் இட்டுத் திரி கொளுத்திப் படித்தவர்கள் அவர்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, புத்தகப் பையையும் சுமந்து நடந்தவர்கள் அவர்கள். ஆயினும் அக்கூற்று இன்றைய மாணவனுக்கு மருந்தாகாது. அதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, அன்று தாங்கியவர் எல்லாரும் வடுவின்றித் தாங்கினாரல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல் ‘வடுப்பட்ட உள்ளங்கள்’ எனப் பொருள்படும் பெயருடையது. அப்பெயரே போதிய சான்றாகும்.

இரண்டாவது, அன்றைய சுமை ஊர் முழுவதுக்கும் பொதுவாயிருந்தது. இன்றைய சுமை தனித்தனியானது. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி கொள்ளப்படுகின்றது. ஒருவன் பெற்ற புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றிய ஏனையோரின் சராசரியோடு ஒப்பிட்டு அளக்கப்படுகின்றது. அளவைமுறை என்றவகையில் அது தக்கதாகலாம். ஆயினும், அருகிலிருக்கும் நண்பனையே போட்டியாளனாக எண்ணுதற்கு அஃது இடந்தருகின்றது.

மூன்றாவது, எண்ணெய் தீர்ந்தபோது விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தபோது பிள்ளை உறங்கிற்று. துலா மிதித்து இறைத்த காலத்தில், இறைப்பவன் களைக்கக் கிணறும் ஓய்வு பெற்றவாறு போல்வது அது. இயந்திரம் வந்தபின் களைப்பாரில்லை; கிணற்றுக்கு ஓய்வுமில்லை. அவ்வாறே இன்று மின்விளக்கும் கைத்தொலைபேசியும் நள்ளிரவுக்கு அப்பாலும் மாணவனை விழித்திருக்கச் செய்கின்றன. காலையிலே தனியார் வகுப்பு, பகலிலே கல்லூரி, மாலையிலே மீண்டும் வகுப்பு என இறைப்பு நீள்கின்றது.

செய்யத்தக்கவை

மாணவரே, கீழ்வருவனவற்றைக் கைக்கொள்வீராக.

ஒன்று, உறக்கம். 13 முதல் 18 வயது வரையினர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணிநேரம் உறங்குதல் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் அறிவுறுத்தியது. பகலிற் கற்றவை உறக்கத்திலேயே நினைவில் நிலைபெறுகின்றன. ஆதலால் உறக்கத்தைத் திருடிப் படிப்பவன் தான் படித்ததையே திருடியவனாவான்.

இரண்டு, பகுத்துப் படித்தல். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் மறதியை அளந்து, இடைவிட்டுப் பலமுறை பயில்வது ஒரே இருப்பிற் பயில்வதிலும் பயன்மிக்கது எனக் கண்டார். இன்று படித்ததை நாளையும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் ஒருமுறை திரும்பப் பார்ப்பீராயின் பரீட்சை முன்னிரவிலே மலைபோற் சுமை நில்லாது.

மூன்று, தளர்த்துதல். எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட நூலிலே, தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பின் தளர்த்தும் பயிற்சியை விளக்கினார். கை முட்டியை இறுகப் பொத்தி மெல்ல விடுக. தோளை உயர்த்தித் தாழ்த்துக. மூச்சை உள்ளிழுத்ததிலும் நீளமாக வெளிவிடுக. வினாத்தாள் கைக்கு வருமுன் இரண்டு நிமிடம் இதற்குப் போதும்.

நான்கு, விளையாட்டு. மாலையில் ஒரு மணிநேரம் கிளித்தட்டோ பந்தோ ஆடுதல் காலத்தை வீணாக்குதலன்று, கிணற்றை ஊறவிடுதலேயாம்.

ஐந்து, சொல்லுதல். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, காரணமறியாத் தலையிடி, நண்பரை விட்டொதுங்கல் ஆகியன இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பின் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுக. ‘வாழ்ந்து என்ன பயன்’ என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினும் அன்றே சொல்லுக. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள. தேசிய உளநல நிறுவகத்தாரை 1926 என்னும் தொலைபேசி எண்ணில் அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவரிடஞ் செல்வதில் நாணமில்லையாயின் இதற்கும் நாணம் வேண்டா.

பெரியோர் கடமை

கிணறு தன்னைத்தானே இறைப்பதில்லை, இறைப்பவர் நாமே. ஆசிரியராகிய நாம் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை வகுப்பின் நடுவே உரத்து வாசித்தலைத் தவிர்க்கலாம். பெற்றோர் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றை உணவு வேளையில் எடுத்துரையாதிருக்கலாம். கடல் கடந்து வாழும் பழைய மாணவர், தொலைபேசியிலே மருமகனை அழைக்கும்போது, “எத்தனை ஏ?” என்று வினவுமுன் “நன்றாக உறங்குகின்றாயா?” என்று வினவலாம். கல்லூரிக்கு நீவிர் அளிக்கும் கட்டடமும் கணினியும் போற்றத்தக்கனவே. உயர்தரத்தில் ஒருமுறை தவறியும் வேறு வழியில் உயர்ந்தவர் உங்களுட் பலர். அவ்வரலாற்றைக் கல்லூரிக்கு வந்து மாணவர் முன்னிலையில் வாய்திறந்து சொல்வீராயின், அஃது எக்கட்டடத்தினும் பெரிய நன்கொடையாகும்.

நம் பிள்ளைகள் நிறையக் கற்கட்டும்; கற்றபின் உறங்கட்டும்; உறங்கி எழுந்து மீண்டுங் கற்கட்டும். அளவறிந்து இறைக்கப்படும் கிணறு உவர்ப்பதில்லை.