வயது பார்க்காத நோய்

'பிளாக் பேந்தர்' திரைப்படத்தின் மூலம் புகழ்பெற்ற அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன், 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தமது 43ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது 2016இல் கண்டறியப்பட்டது. முதியோரின் நோயாகக் கருதப்பட்ட இது இளையோரையும் தாக்கும் என்பதை அவரது மறைவு பலருக்கு உணர்த்தியது.

அமெரிக்காவில் 1950 வாக்கில் பிறந்தவர்களைவிட, 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு அதே வயதில் பெருங்குடல் புற்றுநோய் வரும் அபாயம் இருமடங்காகவும் மலக்குடல் புற்றுநோய் வரும் அபாயம் நான்கு மடங்காகவும் உள்ளதாக 2017இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. 2021இல் அந்நாட்டில் பரிசோதனையைத் தொடங்கும் வயது 50இலிருந்து 45ஆகக் குறைக்கப்பட்டது.

இந்நோய் ஒரே காரணத்தால் வருவதன்று. உடற்பருமன், உடலுழைப்பின்மை, நார்ச்சத்துக் குறைந்த உணவு, புகைபிடித்தல், மது ஆகியவை அபாயத்தைக் கூட்டுகின்றன. குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்தாலும் கவனம் தேவை. சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்பது அபாயத்தைச் சுமார் 18 விழுக்காடு உயர்த்துகிறது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அறிவித்தது.

பெரும்பாலும் இந்நோய், குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு கட்டியாகவே தொடங்குகிறது. அது புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் நோயையே தடுத்துவிடலாம்.

சிங்கப்பூரில் 50 வயதை எட்டியவர்கள் ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொள்ளும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். மாதிரியை வீட்டிலேயே எடுத்து அனுப்பலாம். ஆனால், அந்த வயதை எட்டாத இளையோரை இப்பரிசோதனை சென்றடைவதில்லை. அவர்களுக்கு உடல் காட்டும் அறிகுறிகளே எச்சரிக்கை மணியாகும். மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமின்றி எடை குறைதல், தொடர்ந்த வயிற்றுவலி, இரத்தசோகை ஆகியவை அவற்றுள் சில.

இரத்தம் தென்பட்டால், "மூலமாக இருக்கும்" என்று பலர் தாமாகவே முடிவு செய்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கலாம். எனினும், அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே. மலம், குடல் பற்றிப் பேசுவதற்குக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் மறைத்து வைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. தலைவலியைச் சொல்வதுபோல் இதையும் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்லப் பழக வேண்டும். தக்க நேரத்தில் பேசும் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.