நடந்த தூரத்தை வாட்ச் சரியாகக் காட்ட

ஜி.பி.எஸ். இல்லாதபோது ஸ்மார்ட் வாட்ச், காலடி எண்ணிக்கையைக் காலடி நீளத்தால் பெருக்கியே தூரத்தைக் காட்டுகிறது. நீளம் தவறினால் தூரமும் தவறும்.

1. 200 மீட்டர் தூரத்தைத் தேர்ந்தெடுக்கவும். எருமப்பட்டி வழியே செல்லும் நாமக்கல் - துறையூர் சாலை போன்ற பெரிய சாலைகளில், கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நடுவது வழக்கம். எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்க ஓரமாக நடக்கவும்.

2. வழக்கமான வேகத்தில் நடந்து, காலடிகளை வாய்விட்டு எண்ணவும். அளப்பதற்கென்று எட்டிப் போட்டால் கணக்கு கெடும்.

3. 200ஐ அந்த எண்ணிக்கையால் வகுக்கவும். 312 காலடி என்றால், ஒரு காலடி சுமார் 64 செ.மீ.

4. செயலியின் அமைப்புகளில் இந்த அளவைப் பதியவும். பதியாவிட்டால் பெரும்பாலும் உயரத்தை வைத்தே அது உத்தேசமாகக் கணக்கிடும், 10 செ.மீ. பிசகினால் 10,000 காலடிக்கு 1 கி.மீ. வித்தியாசம் வரும்.

5. செயலி கேட்பது ஒரு காலடியா, இரண்டா என்று பார்க்கவும். வலது குதிகாலிலிருந்து அடுத்த வலது குதிகால் வரை கேட்டால் இரட்டிப்பாக்க வேண்டும்.

6. ஓட்டத்துக்குத் தனியாக அளக்கவும். ஓடும்போது காலடி நீளும்.

7. கொல்லிமலை போன்ற ஏற்றங்களில் ஜி.பி.எஸ்.ஸை இயக்கவும். மேட்டில் காலடி குறுகுவதால் சமதள அளவு தூரத்தைக் கூட்டிக் காட்டும்.

8. செருப்பிலிருந்து ஷூவுக்கு மாறினால் மறுபடி அளக்கவும். காலணி மாறினால் நடையும் மாறக்கூடும்.