வேண்டும்போது தோண்டி எடுக்க முடியாத உலோகம்

மாணவர்களே, முதலில் இரண்டு எண்களைப் பாருங்கள். நிக்கல் உருகும் வெப்பநிலை 1,455 டிகிரி செல்சியஸ். இன்றைய பெரிய பயணிகள் விமானத்தின் ஜெட் இயந்திரத்தில் எரிபொருள் எரிந்து வெளிவரும் வாயுவின் வெப்பநிலையோ 1,500 டிகிரியைத் தாண்டும். அந்த வாயு நேராகச் சென்று மோதுவது டர்பைன் தகடுகளின் மீது. அத்தகடுகள் பெரும்பாலும் நிக்கலால் ஆனவை. அப்படியானால் அவை ஏன் உருகி வழிவதில்லை?

இந்தக் கேள்விக்கான விடையில் ஓர் அரிய உலோகமும் இருக்கிறது. அதன் பெயர் ரேனியம். தனிம அட்டவணையில் 75ஆம் எண்.

தகட்டைக் காப்பவை எவை?

முதல் காப்பு காற்று. தகட்டின் உள்ளே மெல்லிய குழாய்ப் பாதைகள் உண்டு. இயந்திரத்தின் முன்பகுதியில் அழுத்தப்பட்ட காற்றில் ஒரு பங்கு அவற்றின் வழியே ஓடி, மேற்பரப்பில் உள்ள நுண்துளைகள் வழியாக வெளியேறி, தகட்டைப் போர்வைபோல் மூடுகிறது. இரண்டாவது காப்பு, வெப்பத்தை எளிதில் கடத்தாத பீங்கான் பூச்சு. இவ்விரண்டும் இருந்தும், தகட்டின் உலோகம் 1,000 டிகிரி அளவுக்குச் சூடாகிறது. ஆகவே மூன்றாவது காப்பு அந்த உலோகமேதான்.

வெப்பத்தைக் குறைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வாயு எவ்வளவு வெப்பமாக இருக்கிறதோ, அவ்வளவு கூடுதலாக எரிபொருளின் ஆற்றல் பயன்படும். வெப்பத்தைக் குறைத்தால் அதே பயணத்துக்கு அதிக எரிபொருள் செலவாகும். அதனால் பொறியாளர்கள் வெப்பத்தைக் குறைக்காமல், அதைத் தாங்கும் உலோகத்தைத் தேடினார்கள்.

உருகாமலே நீளும் உலோகம்

கனமான பொருள்களைப் போட்டு ஒரு நெகிழிப் பையை நெடுநேரம் தொங்கவிட்டுப் பாருங்கள். கைப்பிடி அறுந்துபோகாது, ஆனால் மெல்ல மெல்ல நீளும். கடும் வெப்பத்தில் உலோகமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. இதற்கு ‘ஊர்வு’ என்று பெயர். டர்பைன் நிமிடத்துக்கு 10,000 முறைக்கு மேல் சுழலும்போது, ஒவ்வொரு தகடும் வெளிநோக்கி மிகுந்த விசையுடன் இழுக்கப்படுகிறது. தகடு சிறிதளவு நீண்டாலும் சுற்றியுள்ள உறையில் உரசிவிடும்.

சாதாரண உலோகம் பல சிறிய படிகங்கள் ஒட்டிச் சேர்ந்தது. படிகங்கள் சந்திக்கும் எல்லைகளில்தான் வெப்பத்தின்போது பலவீனம் தோன்றும். எனவே இன்று உயர்தர டர்பைன் தகடு ஒவ்வொன்றையும் எல்லைகளே இல்லாத ஒரே படிகமாக வார்க்கிறார்கள்.

அதன் பிறகும் படிகத்துக்குள் அணுக்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இங்கேதான் ரேனியம் உதவுகிறது. ரேனிய அணு பெரியது, கனமானது. நிக்கல் அணுக்களுக்கு இடையே மிக மெதுவாகவே நகரும். நெரிசலான நடைபாதையில் பெரிய பெட்டியோடு நிற்பவரைப்போல், மற்ற அணுக்களின் நகர்வையும் அது தாமதப்படுத்துகிறது. கலவையில் 3 விழுக்காடு ரேனியம் சேர்த்தாலே ஊர்வு வெகுவாகக் குறைகிறது. அளவுக்கு மீறிச் சேர்த்தால் எடை கூடும். கலவைக்குள் எளிதில் நொறுங்கும் பகுதிகளும் உருவாகும்.

660 கிலோவில் ஒரு கிராம்

ரேனியத்தை 1925ஆம் ஆண்டு ஜெர்மனியில் வால்டர் நோடாக், இடா டாக்கே, ஓட்டோ பெர்க் ஆகிய மூவரும் கண்டுபிடித்தனர். ரைன் நதியின் லத்தீன் பெயரான ‘ரேனுஸ்’ என்பதிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள். உலோகங்களில் டங்ஸ்டனுக்கு அடுத்து மிக உயர்ந்த உருகுநிலை கொண்டது இதுவே. ஏறத்தாழ 3,180 டிகிரி.

1928இல் ஒரு கிராம் ரேனியத்தைப் பிரித்தெடுக்க அவர்களுக்கு 660 கிலோகிராம் மாலிப்டினத் தாது தேவைப்பட்டது. அதுவும் ரேனியம் செறிந்திருக்கும் தாது. பூமியின் மேலோட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டால், ஒரு டன் பாறையில் ரேனியம் சுமார் ஒரு மில்லிகிராம்தான். தங்கம்கூட அதைவிட அதிகமாகக் கிடைக்கிறது.

விலை ஏறினாலும் கூடாத உற்பத்தி

ஒரு பொருளுக்குத் தேவை கூடினால் விலை ஏறும்; விலை ஏறினால் உற்பத்தியும் கூடும். பொருளியல் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். ரேனியம் இந்த விதிக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை.

காரணம், ரேனியத்துக்காக யாரும் சுரங்கம் வெட்டுவதில்லை. சிலி போன்ற நாடுகளில் செம்புக்காகச் சுரங்கம் வெட்டுகிறார்கள். அந்தத் தாதுவில் துணைப்பொருளாக மாலிப்டினம் கிடைக்கிறது. மாலிப்டினத் தாதுவை வறுக்கும்போது, அதிலுள்ள ரேனியம் ஆக்சைடாகிப் புகையோடு வெளியேறுகிறது. அந்தப் புகையை நீரால் கழுவித்தான் ரேனியத்தை மீட்கிறார்கள். துணைப்பொருளின் துணைப்பொருள் என்று இதைச் சொல்லலாம்.

உலகில் ஆண்டுக்கு 20 மில்லியன் டன்னுக்கு மேல் செம்பு வெட்டி எடுக்கப்படுகிறது. தாதுவிலிருந்து கிடைக்கும் ரேனியமோ 60 டன் அளவே. அதை ஒரே கட்டியாக வார்த்தால், பக்கத்துக்கு 1.4 மீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தில் அடங்கிவிடும். அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு டர்பைன் கலவைகளுக்கே போகிறது.

இதனோடு டைட்டானியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரின் சிலேத்தாரில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் ஆலையில், இயந்திரத்தின் முன்புறம் சுழலும் பெரிய விசிறித் தகடுகளை டைட்டானியத்தால் செய்கிறார்கள். முன்புறத்தில் வெப்பம் குறைவு என்பதால் அங்கே டைட்டானியம் போதும். பூமியின் மேலோட்டில் மிகுந்திருக்கும் தனிமங்களில் அதற்கு ஒன்பதாம் இடம். அதைத் தாதுவிலிருந்து பிரிப்பதுதான் கடினம். ரேனியத்திலோ, கிடைக்கும் அளவே சிக்கல்.

பொறியாளர்கள் செய்தது

2008இல் ரேனியத்தின் விலை கிலோவுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2005இல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ரேனியப் பயன்பாட்டைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 3 விழுக்காடு ரேனியம் இருந்த கலவைக்குப் பதிலாக, 1.5 விழுக்காடு மட்டுமே கொண்ட புதிய கலவையை அதன் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். பழைய தகடுகளையும், தகடு செய்யும்போது உதிரும் உலோகத் துகள்களையும் சேகரித்து, அவற்றிலிருந்து ரேனியத்தை மீட்கவும் செய்தார்கள்.

தேவை கூடும்போது மேலும் தோண்டுவது ஒரு வழி. அது முடியாதபோது, குறைவான பொருளில் அதே பயனைப் பெறுவதும், பயன்படுத்தியதை மீட்பதும் மற்ற வழிகள். இவ்விரண்டுக்கும் வேதியியலும் இயற்பியலும் தெரிந்தவர்கள் தேவை. நாளை அவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரு தகட்டின் எடை 300 கிராம், அதில் ரேனியம் 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதில் எத்தனை கிராம் ரேனியம் உள்ளது? சாதாரணப் பாறையில் அவ்வளவு ரேனியம் இருக்க எத்தனை டன் பாறை வேண்டும்? (விடை: 9 கிராம், சுமார் 9,000 டன்.)

2. ரேனியத்தின் விலை இரு மடங்காகிறது. செம்பின் விலையோ சரிகிறது. செம்புச் சுரங்க உரிமையாளர் உற்பத்தியைக் கூட்டுவாரா, குறைப்பாரா? அதனால் ரேனியம் என்ன ஆகும்? நண்பர்களோடு பேசி, காரணத்துடன் எழுதுங்கள்.