கை திரும்ப மூளைக்கு மின்சாரமா?

கேள்வி: அம்மாவுக்கு நான்கு மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து, கொழுந்து பறித்த வலது கை விழுந்துவிட்டது. தலையில் கருவி வைத்துக் கையைச் சரியாக்கலாமாமே, உண்மையா?
- வாசகி, மடுல்சீமை

பதில்: அப்படியொரு முறை உண்டு; ஆனால் அது மட்டும் கையை எழுப்பிவிடாது.

1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர், மண்டையோட்டைத் திறக்காமலே காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டி கைத்தசையை அசைத்துக் காட்டினார்கள். இன்னொரு முறையில் 1 முதல் 2 மில்லியம்பியர் மின்சாரம் தலைத்தோல் வழியே செலுத்தப்படுகிறது. சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது. ஆனால் 2018இல் வெளியான, 199 பேர் பங்கேற்ற அமெரிக்கக் காந்தத் தூண்டல் ஆய்வில், உண்மைத் தூண்டல் பெற்றவர்களும் போலித் தூண்டல் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். இரு சாராரும் செய்தது கைப்பயிற்சி.

ஆகவே கடன்பட்டுக் கருவி தேடி அலையாதீர்கள். கடையில் விற்கும் கருவியையோ பற்றரியையோ தலையில் வைக்கவே வேண்டாம். வலிப்பு வந்தவர்களுக்கும், தலைக்குள் உலோகமோ இதயத்தில் பேஸ்மேக்கரோ உள்ளவர்களுக்கும் காந்தத் தூண்டல் ஆபத்தாகலாம்.

பதுளை வைத்தியசாலையில் இயன்மருத்துவரைப் பார்த்து, வீட்டில் செய்யும் பயிற்சியைக் கேட்டு வாருங்கள். விரல் சற்றே அசைந்தாலும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஓர் இலையைப் பிடித்துக் கிள்ளிக் கூடையில் போடச் சொல்லுங்கள். தினமும், பலமுறை. நான்கு மாதம் தாமதமில்லை. பிரஷர் குளிசையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். மறுபடி வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 1990ஐ அழையுங்கள்.