நுண்கட்டுப்படுத்தியின் உள்ளீட்டு முனையைப் பாதுகாத்தல்

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தருகே நீர்மட்டம் அளக்கும் கருவியொன்றை நீங்கள் அமைப்பதாகக் கொள்வோம். சூரியக் கலங்களால் மின்னேற்றப்படும் 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரியே அதன் வலு முதல். பற்றரியின் வோல்ற்றளவை, 5 வோல்ற்றில் இயங்கும் அட்மெகா 328 நுண்கட்டுப்படுத்தி அறிதல் வேண்டும். அதன் உள்ளீட்டு முனை தாங்கும் உச்சம் 5.5 வோல்ற்று மட்டுமே.

7 கிலோஓம், 5 கிலோஓம் தடையிகளைப் பற்றரிக்குக் குறுக்கே தொடராக இணைத்து, 5 கிலோஓமுக்குக் குறுக்கேயுள்ள வோல்ற்றளவை முனைக்கு வழங்கினால்,

12 × 5/12 = 5 வோல்ற்று.

பலர் இவ்விடத்திலேயே விடையை முடித்துவிடுவர். ஆனால் மின்னேற்றும்போது பற்றரி 14.4 வோல்ற்று வரை உயரும். அப்போது முனையில் 6 வோல்ற்று! ஆகவே பற்றரியில் எழுதியுள்ள பெறுமானத்தையன்றி, உச்சப் பெறுமானத்தைக் கொண்டே கணித்தல் வேண்டும். 7 கிலோஓமுக்குப் பதிலாக 10 கிலோஓம் இட்டால்,

14.4 × 5/15 = 4.8 வோல்ற்று.

வாவிக்காற்றின் உப்பீரத்தால் 5 கிலோஓம் தடையியின் பற்றாசு இணைப்பு அரிக்கப்பட்டு அறுந்தால்? முனையினுள்ளே வழங்கலுடன் தொடுக்கப்பட்டுள்ள சிறிய இருவாயி கடத்தத் தொடங்கும். அதனூடான ஓட்டம் 1 மில்லியம்பியரை விஞ்சலாகாது.

(14.4 − 5.5) வோல்ற்று ÷ 10 கிலோஓம் = 0.89 மில்லியம்பியர்.

முனை தப்பியது, ஆனால் மயிரிழையில்தான்.

பயிற்சி: 2 கிலோஓம், 1 கிலோஓம் தடையிகளும் அதே 4.8 வோல்ற்றைத் தரும். 1 கிலோஓமின் இணைப்பு அறுந்தால் நிகழ்வதைக் கணித்துக் காட்டுக.